பல்லின் மேல் போட்ட பழி

எங்கள் மகளுக்கு முதல் பல் முளைக்கப்போகிறது என்று முதலில் சொன்னவர் என் மாமனார். சில நாட்களாகவே அவள் எச்சிலால் என் சட்டையின் தோளை நனைத்துக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டியதையெல்லாம் கடித்தாள். பாலைக் குடிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

“பல்லு வருது மாப்ள,” என்றார் மாமனார், மழை வருது என்று சொல்கிற அதே குரலில்.

அப்போது நாங்கள் மலேசியாவில், சுவா என்ற ஊருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். மனைவிக்குப் போர்டிக்சனில் ஒரு ஹோட்டலில் காலை வேலை. எனக்கு அந்தத் தோட்டத்துப் பனை எண்ணெய் ஆலையில் மாலை ஷிப்ட். ஆகவே விடிந்ததிலிருந்து மதியம் வரை மகள் என் பொறுப்பு. வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பன் என்றால், எங்கள் வரிசை வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் ஆளாளுக்கு வந்து பார்த்துக்கொண்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் மலாய் மொழியில் தெளிவாகச் சொல்லியிருந்தார். கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடலாம். சுத்தமான துணியை நனைத்து, ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர்ந்ததும் கடிக்கக் கொடுக்கலாம்; பக்கத்திலேயே இருக்க வேண்டும். கல்லாக உறைந்த எதையும் கொடுக்கக் கூடாது. மரத்துப்போக வைக்கும் ஜெல் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் வேண்டாம். எல்லாவற்றையும் எனக்காக இன்னொரு முறை சொல்லிவிட்டு, அடுத்த தடவை பிள்ளையின் அம்மாவை அழைத்து வாருங்கள் என்றார்.

நனைந்த துணி என் மகளுக்குப் பிடித்துப்போனது. ஒரு மூலையை வாயில் திணித்துக்கொண்டு, ஏதோ பழைய பகை தீர்ப்பவளைப் போல ஈறால் நெரிப்பாள். அழுகை அடங்கும். ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு அது வைத்தியமாகத் தெரியவில்லை. துணி எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது.

மாமனார் ஓய்வுபெற்ற மண்டோர்; தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். ஒரு காலை, சட்டைக்குள் மறைத்து ஒரு சின்ன பிராந்திப் போத்தலைக் கொண்டுவந்தார்.

“ஒரு சொட்டு ஈறுல தடவி விடு. கம்முனு தூங்கிரும்.”

“பிள்ளைக்கு அதெல்லாம் குடுக்கக் கூடாது மாமா.”

“யாரு குடுக்கச் சொன்னா? தடவத்தானே சொல்றேன் லா.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் போத்தலைத் திரும்பக் கொண்டுபோனால் மாமியார் பார்த்துவிடுவார் என்பதால் அது எங்கள் அலமாரியின் உச்சியிலேயே தங்கியது. அதன்பிறகு பேத்தியின் பல்லைப் பற்றி அவருக்கு அக்கறை கூடிவிட்டது. தினமும் வந்து விசாரித்தார். பிள்ளையின் வாயில் ஒரு சொட்டும் படாமலே போத்தல் குறைந்துகொண்டு வந்தது.

அடுத்து லுக்குட்டிலிருந்து என் அக்கா வந்தாள். போனில் ஆர்டர் செய்து வரவழைத்த மணிமாலை ஒன்றைக் கொண்டுவந்தாள். தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள்.

“கழுத்துல போட்டா ஒடம்புச் சூட்டுல மணியில உள்ள மருந்து தானா எறங்கும்டா. வலியே தெரியாது.”

“கழுத்த இறுக்குனா என்னக்கா பண்றது?”

“நாலு பிள்ள வளத்தவ நானு. நீ எனக்குச் சொல்றியா?”

அக்கா போட்டுவிட்ட மாலையை நான் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் துணி காயப் போடப் போனேன். திரும்பி வருவதற்குள் அது மறுபடியும் மகள் கழுத்தில் இருந்தது. நான் அருகில் போவதற்கு முன்பே அவள் அதைப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்தது. மணிகள் சிமெண்டுத் தரையில் நாலா பக்கமும் ஓடின. அவள் வாய் மூடியிருந்தது.

மகளைத் தூக்கி முகத்தைத் தாழ்த்தி வாயைத் திறந்தேன். நாக்கின் நுனியில் ஒரு மணி மினுங்கியது. விரலை வளைத்து அதை வெளியே எடுத்தேன். என் முகத்தைப் பார்த்து அவள் சிரித்தாள்.

அக்கா தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் ஓடியவற்றைத் தேடி எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. கடைசி மணியையும் எடுத்த பிறகு, “நூலு சரியில்ல,” என்றாள்.

அந்த வாரக் கடைசியில் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. எதிலும் ஒத்துப்போகாத மாமனாரும் அக்காவும் அன்று ஒரே குரலில் பேசினார்கள்: பல் காய்ச்சல். பால் குடிக்கவில்லையா, பல். காதைப் பிடித்து இழுக்கிறாளா, பல் வலி காதுக்கு இழுக்கும். மாமனாருக்கு அன்று முதுகு வலி. கேட்டிருந்தால் அதற்கும் அந்தப் பல்லைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மதியம் வேலை முடிந்து வந்த மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். 

“காடிய எடுங்க,” என்று கார் சாவியை என்னிடம் நீட்டினாள்.

“பல்லுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க?” என்றார் மாமனார்.

“பல்லுதான்னு டாக்டர் சொல்லட்டும்பா.”

போர்டிக்சன் கிளினிக்கில் டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே சிவந்து வீங்கியிருந்தது. பல் முளைப்பதால் இந்த அளவு காய்ச்சல் வராது, பல்தான் என்று வீட்டில் வைத்திருக்காமல் கொண்டுவந்தது நல்லது என்றார். காதுக்கு ஒரு மருந்தும், பிள்ளையின் எடையைப் பார்த்து அளவு சொல்லிக் காய்ச்சல் மருந்தும் கொடுத்தார். திரும்பும் வழி முழுவதும் மனைவி பின்சீட்டில் மகளின் காதைக் கையால் மூடிக்கொண்டே வந்தாள்.

காய்ச்சல் இறங்கியது. பால் குடித்தாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, கஞ்சி ஊட்டும்போது கரண்டி எதிலோ பட்டு ‘டிக்’ என்றது. கீழ் ஈறில் அரிசி முனையளவு வெள்ளை. இத்தனை பழியையும் சுமந்தது அதுதான்.

செய்தி அறிந்து அக்கா போன் செய்தாள். அறுவதற்கு முன்பே மாலை தன் வேலையைச் செய்துவிட்டது என்றாள். மாமனார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, பிராந்தி வீட்டில் இருந்ததே ஒரு தைரியம்தான் என்றார்.

பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும் என்னிடம் வந்து, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஈரத்துணி என்றேன்.

“அதுல என்னண்ணே தடவுனீங்க?”

“தண்ணிதான்.”

அவள் என் பின்னால் கொடியில் காய்ந்த துணியை எட்டிப் பார்த்தாள். பிறகு, “சொல்லப் பிரியமில்லன்னா பரவால்லண்ணே,” என்று சொல்லிவிட்டு, மாலை கொண்டுவந்த என் அக்காவின் நம்பரை வாங்கிக்கொள்ள என் மனைவியைத் தேடிப் போனாள்.