தலைமாட்டில் புதைத்த டப்பா

தங்கச்சியைப் புதைத்த மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு எல்லோரும் திரும்பிய பிறகு, அவள் தலைமாட்டில் ஒரு முழ ஆழம் நோண்டி ஒரு டப்பாவைப் புதைத்தேன். சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதில் ஒரு மெழுகுக் கட்டி. மெழுகுக்குள் உளுந்து அளவில், அவள் தொடையில் வளர்ந்த புற்றின் துண்டு.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தது. இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி எங்களிடம் கொடுத்திருந்தார்கள். காட்டுவதற்குள் அவள் போய்விட்டாள். எங்கள் வீட்டில் செத்தவர்களை முழுசாகத்தான் மண்ணில் வைப்போம். சீவும்போது உதிரும் முடியைக்கூட வெளியில் விடமாட்டோம், எவர் கையிலாவது சிக்கினால் ஆகாது என்று. அதனால் அவளுடையதை அவளிடமே சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பொண்ணு மலைமேல் இருக்கும் எங்கள் கரியாலூருக்கே தேடி வந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன்.

“அந்த மெழுகுக் கட்டி உங்ககிட்டதானம்மா இருக்கு? இது ரொம்ப அபூர்வமான புத்து. அங்கங்க இருக்கிறதை ஒண்ணாச் சேத்துப் பாத்தாத்தான் டாக்டருங்களுக்கு ஏதாவது புரியும்.”

“அவளே போயிட்டாளேம்மா.”

“அவங்களே சரின்னு சொல்லியிருக்காங்க.” ஒரு காகிதத்தை நீட்டினாள்.

ஊதா மையில் தங்கச்சியின் கட்டைவிரல். கேழ்வரகு அறுக்கும்போது அரிவாள் பட்ட வடு, ரேகைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. இப்போதுதான் வைத்துவிட்டு உள்ளே போனாற்போல இருந்தது. நான் அஞ்சாவது படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தன் கட்டியைச் சேமித்து வைக்கலாம், வேறு ஊர் ஆராய்ச்சிக்கும் அனுப்பலாம் என்று இருந்தது. அவள் கைநாட்டு வைத்த நேரம் நான் டீ வாங்கப் போயிருந்தேனாம்.

“இன்னாமா சொன்னா?”

“‘இன்னொருத்தி இப்படிக் கெடக்கக் கூடாது, எடுத்துக்கங்க’ன்னாங்க. ‘எங்க அக்காவாண்ட மட்டும் சொல்லாதீங்க, பயந்துக்கும்’னு சிரிச்சாங்க.”

அது அவள் பேச்சேதான்.

“வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். மனசு இல்லன்னா வேணாம்மா, கட்டாயம் இல்ல.”

மூடிய குழியில் மறுபடி மண்வெட்டி படக்கூடாது எங்கள் ஊரில். கேட்டால் விடமாட்டார்கள். உச்சி வெயிலில் இடுகாட்டுப் பக்கம் யாரும் போகமாட்டார்கள் என்பதால் அந்த நேரத்தில் போனேன். காற்றில்லை. ஒரு குருவி கத்தவில்லை. களைக்கொத்தால் இரண்டு கொத்துதான் கொத்தினேன். ஒரு முழ ஆழத்தில் வைத்த டப்பா, ஒரு விரல் ஆழத்திலேயே தட்டுப்பட்டது. மழை அரித்திருக்கும் என்று பார்த்தால், மேட்டில் அரித்த தடமே இல்லை. அந்த வெயிலிலும் டப்பா சில்லென்றிருந்தது.

“வாடி,” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. குழியைச் சரியாக மூடாமல் ஓடிவந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் என் முன்னால் வந்து நின்றார்.

“இன்னா ஆயா, இத்தினி பேரு நின்னுக்கினு வராங்க, ஜன்னலாண்ட யாருக்கு எடம் போட்டு வச்சிக்கினு கீறே? மாப்ள வராரா?”

பஸ்ஸே சிரித்தது. அப்போதுதான் கவனித்தேன். ஜன்னலோரத்தை விட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மலை இறங்கும்போது தங்கச்சிக்கு வாந்தி வரும், ஜன்னல் எப்போதும் அவளுக்கு. கூச்சத்தோடு நகர்ந்தேன். அந்த இடம் ஈரமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அந்தப் பொண்ணு டப்பாவை வாங்கி, பஞ்சு வைத்த பெட்டிக்குள் வைத்தாள். “முடியை விட மெலிசாச் சீவி, கண்ணாடியில ஒட்டி, ஊர் ஊரா அனுப்புவாங்கம்மா.”

“எத்தினி வாட்டி சீவுவாங்க?”

“நெறைய வாட்டி.”

அடுத்த வாரம் மாடு ஓட்டிப் போனவர் தலைமாட்டில் மண் கலைந்து கிடப்பதைப் பார்த்து ஊரைக் கூட்டிவிட்டார். நரி என்றார்கள் சிலர்.

“நரி நோண்டுனா இப்படியா இருக்கும்? இது உள்ளருந்து வந்தாப்பல கீது,” என்றார் பூசாரி. சேவல் அறுத்தார்கள். அவள் எழுந்து நடமாடாமல் கட்டிப்போட இரும்பு ஆணி அடிக்க வேண்டும், கூடப் பிறந்தவள் பிடிக்க வேண்டும் என்றார்.

தங்கச்சி வீட்டுக்காரர் ஆணியை என்னிடம் நீட்டினார். அழுதுகொண்டிருந்தார். “புடிங்க அண்ணி. அவ இங்கயே இருக்கட்டும். எங்கயும் போவ வாணாம்.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரே மலையிறங்கிப் போய் டப்பாவைத் திருப்பிக் கேட்கும். அவள் கைநாட்டு வைத்துச் சொன்னது நடக்காது.

ஆணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் கீழேயிருந்து காலிப் பானையைத் தட்டினாற்போலச் சத்தம் வந்தது. நான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை.