சேலையில் தைத்த சுவர்

நாடகம் மேடையேறப் பத்து நாள் இருக்கும்போது, சுகந்தியை மாற்றப்போகிறேன் என்றார் இயக்குநர். கிரேக்கத்துப் பழைய துன்பியல் நாடகம் அது. போரில் விழுந்த நகரத்தின் அரசியாக அவள் நடித்தாள். கடைசிப் போர் நடந்த வன்னியிலிருந்து தலைநகருக்கு வந்து கிருலப்பனையில் குடியிருப்பவள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய பாத்திரம். ஆனால் கடைசிப் பேச்சை மட்டும் பாடம் ஒப்புவிப்பதுபோலவே சொன்னாள்.

செட் போட்டவன் நான்; என் உழைப்பு அவளால் வீணாகிறதே என்று எனக்கும் அவள்மேல் கோபம்தான். கிரேக்கக் கோட்டை வேண்டாம், நம்நாட்டு மண்மூட்டைச் சுவரே போதும் என்று இயக்குநர் சொல்ல, கொட்டாஞ்சேனைப் பட்டறையில் ஒரு மாதம் மினக்கெட்டுப் போட்ட செட். சாக்கு மூட்டைகள், மேலே முழுக்கக் கறுப்பு ஸ்ப்ரே. போர் என்றால் கறுப்புத்தான் என்று எவரையும் கேட்காமல் முடிவெடுத்த மேதை நான்.

தேநீர் வேளையில், "என்ன பிள்ளை பிரச்சினை?" என்று கேட்டேன்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. உங்கட சுவரைப் பார்த்தா எனக்கு ஒண்டும் வருதில்லை. எங்களுக்கு ஆர் சாக்குத் தந்தது? செல்லடிக்குப் பதுங்கிற பங்கருக்கு மண்மூட்டையெல்லாம் சேலையிலதான் தைச்சனாங்கள். பச்சை, மஞ்சள், ரோஸ்... சரியான வடிவு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றே சுவரைப் பிரித்தேன். வெள்ளவத்தையில் ஃபிளாட் ஃபிளாட்டாக ஏறிப் பழைய சேலை கேட்டேன்.

"வெட்டப்போறியளோ? அப்ப இந்த நீலத்தை முன்னுக்கு வையுங்கோ. நாங்கள் பார்க்க வருவம்" என்றார் ஒரு அம்மா. இன்னொருவர் தன் கலியாணக் கூறைச் சேலையையே தந்துவிட்டார். ஸ்பொஞ்ச் துண்டுகளை அடைத்து நாலு நாளில் தைத்து முடித்தோம்.

"இதென்ன அண்ணை, கலியாண மண்டபமோ?" என்றார் இயக்குநர்.

"ஒருக்கா அவளை முன்னால நிப்பாட்டிப் பாருங்கோ. சரிவராட்டி எங்கள் ரெண்டு பேரையும் மாத்துங்கோ."

சுகந்தி சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். சிவப்பு கண்ணைப் பறிக்கும் என்று கூறை மூட்டையை நான் அடிவரிசையில் வைத்திருந்தேன். அவள் குந்தியிருந்து அதை இழுத்தெடுத்தாள்.

"இது மேலதான் வரும் அண்ணை. மற்றச் சேலையெல்லாம் முடிஞ்சு கூறையைக் கடைசியாத்தானே வெட்டுவம்."

தானே அதை உச்சியில் வைத்துவிட்டுத் திரும்பி நின்று பேச்சைத் தொடங்கினாள். இயக்குநர் கையிலிருந்த பிரதியை மூடினார். மாற்றுகிற கதையை அவர் பிறகு எடுக்கவேயில்லை. எனக்கு அந்தப் பிள்ளைமேல் சொந்தத் தங்கச்சிமேல் வருகிற பாசம் வந்தது.

செட் போடப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுவரை வரையுமுன், அதன் முன்னால் நிற்கப்போகிறவரைக் கேளுங்கள். சிலர் அதை ஏற்கெனவே ஒருதரம் கட்டியிருப்பார்கள்.