சின்னக் கோடியைத் திறந்த நாள்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு, திருவண்ணாமலையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவனுக்குப் பேனா எதற்கு? இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் அந்தக் காகிதத்திலேயே வடையைச் சுற்றி வைத்துத் தின்றுவிட்டேன். இன்றைக்கு வடைக்காரன் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். ஊருக்கு மேற்கே ஏரி. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையில் ஓர் இடம் விட்டிருப்பார்கள். அதற்குக் கோடி என்று பெயர். ஏரி நிரம்பிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம், ‘கோடி போவுது’ என்போம். எங்கள் ஏரிக்கு இரண்டு கோடி. தெற்கு முனையில் பெரிய கோடி. கருங்கல் கட்டு, மேலே வரிசையாக நட்ட கற்கள், நல்ல மழை பெய்தால் அதில் தண்ணீர் சலசலவென்று இறங்கும். வடக்கு முனையில் சின்னக் கோடி. அங்கே கல்லும் கிடையாது, கட்டும் கிடையாது. கரை கொஞ்சம் தாழ்ந்து, புல் முளைத்துக் கிடக்கும். பெரிய கோடியைவிட ஒரு முழம் உயரம். பெரிய கோடி தாங்காத வெள்ளம் வந்தால் மட்டும் அதற்கு வேலை. நான் பிறந்ததிலிருந்து அது வேலை செய்து பார்த்ததில்லை. “என்ன மாரியே சும்மா படுத்துக் கெடக்குது பாரு” என்று நானே சொல்லிச் சிரிப்பேன்.

அந்தச் சின்னக் கோடிக்குக் கீழே தண்ணீர் போவதற்கென்று விட்ட பள்ளம் பல வருஷமாகக் காய்ந்தே கிடந்தது. என் சிநேகிதனின் நிலம் அதை ஒட்டி இருந்தது. அவனுக்கு என் வயசு. ஆனால் சீக்கிரமே கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. பள்ளத்தையும் சேர்த்து உழுது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டான். அங்கேயே ஒரு மாட்டுக் கொட்டாயும் போட்டான். தப்பித் தவறித் தண்ணீர் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று நானும் அவனும் நாலு நாள் மண் சுமந்து சின்னக் கோடியின் மேல் முழங்கால் உயரத்துக்கு அணைத்தோம். கூலி ஒரு கட்டு பீடி.

ஏரியைப் பார்த்துக்கொள்ள சர்க்கார் வைத்த ஆளுக்கு லஸ்கர் என்று பெயர். காக்கிச் சட்டையும் கிழிந்த குடையுமாக அவர் ஒருநாள் வந்து நின்றார்.

“யார்றா இங்க மண்ணு கொட்டினது?”

“எலிங்க சார். எங்க ஊரு எலி கொஞ்சம் பெருசு” என்றேன்.

“வெளயாடாத. தண்ணி ஜாஸ்தியாயிடுச்சின்னா இது ஒண்ணுதான் மாத்து வழி. இதயும் மூடிட்டா தண்ணி கரை மேல ஏறும். மண்ணு கரைடா. ஒரு தடவ மேல ஏறிச்சின்னா அறுத்துகினு போயிடும். கீழ ஊரு கீதே, தெரியுதா?”

“அப்ப ஊருக்கே நீச்சல் கத்துக் குடுத்துடுங்க சார்.”

சிநேகிதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். லஸ்கர் சிரிக்கவில்லை. மண்ணைக் காலால் இரண்டு உதை உதைத்துவிட்டுப் போனார். அது அசையவே இல்லை. அவ்வளவு நன்றாக மிதித்திருந்தோம்.

அந்தக் கார்த்திகையில் மழை மூன்று நாள் விடாமல் பிடித்துக்கொண்டது. தீபத்தன்று காலை சிநேகிதன் பெண்டாட்டி பிள்ளையோடு திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். முந்தின நாள் கொட்டாயில் மாட்டைக் கட்டினவன் நான்தான். உழவுக்கு அவனிடம் இருந்தது அந்த ஒரு ஜோடி. ஒன்று மயிலை, ஒன்று செவலை.

“சாயங்காலம் மாட்ட அவுத்தாந்து வீட்டாண்ட கட்டிடுடா. மழ வுடாது போலக்கீது.”

“நீ போடா. என் பொண்டாட்டி மாரி பாத்துக்கறேன்.”

“உனக்கு ஏதுடா பொண்டாட்டி?”

“அதனாலதான் மாட்டப் பாத்துக்கறேன்றேன்.”

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான்.

நாலு மணி வாக்கில் கொட்டாய்க்குப் போக ஏரிக்கரை மேல் நடந்தேன். தண்ணீர் கரை உச்சிக்கு ஒரு சாண்தான் கீழே இருந்தது. நடுக்கரையில் மண் சரிந்து, கால் வைத்தால் கொழகொழவென்று உள்வாங்கியது. தெற்கே பெரிய கோடியில் ஒரு வேலமரம் அடித்துக்கொண்டு வந்து கற்களுக்கிடையில் மாட்டி, தண்ணீர் போகிற வழியை அடைத்திருந்தது. ஊர் ஆம்பிளைகள் எல்லாம் அங்கே கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கு முனையில் லஸ்கர் மட்டும் மம்முட்டியோடு நின்றார். குடை எங்கே போயிற்றோ.

“சின்னக் கோடிய எடுக்கணும், வாடா!” என்று கத்தினார்.

கோடி எடுப்பது என்றால் எங்கள் பக்கம் செத்தவர்களுக்குப் புதுத்துணி வாங்குவது. என் வாய் விடுமா?

“யாருக்கு சார் கோடி? யாரு போயிட்டாங்க?”

“வாயக் கழுவு. கொட்டாயில மாடு கீதா?”

“மாடெல்லாம் தீபத்துக்குப் போயிருக்குது சார்.”

நான் சொன்னது, அவை இரண்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு தீபம் பார்க்க நிற்கின்றன என்ற அர்த்தத்தில். ஆனால் தீபத்துக்குத் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடும். எங்கள் ஊர் மாடுகளில் பாதி அன்றைக்கு அங்கேதான் இருந்தன. லஸ்கர் தலையை ஆட்டினார். அடுத்து நான் சொல்ல வேண்டியது ‘சும்மா சொன்னேன் சார்’ என்பதுதான். அதை ஒரு மூச்சு தள்ளி வைத்தேன். தமாஷ் கொஞ்சம் ஊறட்டும் என்று.

அந்த ஒரு மூச்சில் மம்முட்டி இறங்கிவிட்டது.

முதலில் கை அகலத்துக்குத் தண்ணீர் ஒழுகியது. அப்புறம் அது தன் வழியைத் தானே தின்று அகலமாக்கிக்கொண்டது. நாலு நாள் சுமந்த மண் ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

“சார்! மாடு உள்ள கீது சார்!”

அவர் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கும் அந்த முகம் என்னிடம்தான் இருக்கிறது. மம்முட்டியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பள்ளத்தின் ஓரமாக ஓடினோம். நான் கத்திக்கொண்டே ஓடினேன். தண்ணீர் பக்கத்திலேயே ஓடி, எங்களைத் தாண்டிப் போயிற்று. கொட்டாயின் கூரை உட்காருகிற ஆள் மாதிரி மெதுவாக உட்கார்ந்தது. அப்புறம் அது அங்கே இல்லை.

ஏரியில் தண்ணீர் இறங்கியது. நடுக்கரையில் சரிவு அந்த அளவோடு நின்றது. ஊரில் ஒரு வீட்டுச் சுவர்கூட விழவில்லை. பொழுது சாய மழை விட்டு மலையில் ஜோதி தெரிந்ததும், கரை மேல் நின்ற ஊரே ‘அரோகரா’ என்று கத்தியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஓடை முள்ளில் மாடுகள் கிடைத்தன. கழுத்துக் கயிற்றின் நுனியில் முளைக்குச்சி அப்படியே இருந்தது. நான் போட்ட முடிச்சு. சிநேகிதன் இரண்டுக்கும் புதுத்துணி வாங்கி வந்து போர்த்தினான். பிறகு, நான் அவிழ்க்கப் போவதற்குள் கோடியைத் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, லஸ்கரின் சட்டையைப் பிடித்தான்.

“ஒரு எட்டு போயி பாத்திருக்கக் கூடாதாய்யா?”

“கேட்டம்பா. தீபத்துக்குப் போயிருக்குதுன்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னது?”

லஸ்கர் என்னைப் பார்த்தார். ஊரே சுற்றி நின்றது. நான் குனிந்து முளைக்குச்சியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

“மழயில ஆளு தெரியல” என்றார் அவர். அடுத்த மாதமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நானும் ஊரில் இருக்கவில்லை. திருவண்ணாமலைக்கு வந்து சைக்கிள் கடையில் ஒட்டிக்கொண்டேன். கடைக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் டியூபைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பேன், எதற்கென்று தெரியாமல். வாய் மட்டும் திருந்தவில்லை. ஆனால் யாரைக் கிண்டல் செய்தாலும் உடனே “சும்மா சொன்னேன், சும்மா சொன்னேன்” என்று இரண்டு தடவை சொல்லிவிடுவேன். “ஜோக்குக்கு ரசீது குடுக்கறான் பாரு” என்று தெருவே சிரிக்கும். தீபத்துக்கு முன்னால் சந்தைக்கு மாடுகள் கடை வாசல் வழியாகத்தான் போகும். ஒரு வருஷம் ஒரு வெளியூர்க்காரர் நின்று, “தம்பி, தீபத்துக்கு மாடெல்லாம் எந்தப் பக்கமா போவுது?” என்று கேட்டார். நான் கடையைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

போன வாரம் சிநேகிதன் டயர் மாற்ற வந்தான். சின்னக் கோடியில் இப்போது யாரும் ஒரு கூடை மண் கொட்டுவதில்லை என்றான். புல்லைக்கூட அவனே செதுக்குகிறானாம். பிறகு சொன்னான்: “அந்த லஸ்கரு வேங்கிக்கால்ல வூடு கட்டிக்கினு கீறானாம்டா. பாத்தன்னா கல்ல வுட்டு அடிப்பேன்.”

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டதை, நான் சொன்னதை, ஒரு மூச்சு தள்ளி வைத்ததை, கத்திக்கொண்டே ஓடியதை. கடைசியில் சும்மா சொன்னேன் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

கவிழ்த்து வைத்திருந்த சைக்கிளின் பெடலை அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். சக்கரம் நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

“உன் கொரலு கேட்டு மாடு ரெண்டும் கத்துச்சாடா?”