ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மேரிசெல்விக்குத் தெரியாத வைத்தியம் மரக்காணத்தில் கிடையாது. உப்பளத்துப் பெண்கள் அப்படித்தான் நம்பினார்கள். அவளும் நம்பினாள், வினையே அதுதான். பதினேழு வயதில் உப்புக்கூடை தூக்க வந்தவள். கால் வெடித்தாலும் தலை சுற்றினாலும் எல்லாரும் முதலில் கேட்பது அவளைத்தான். டாக்டரெல்லாம் அப்புறம்.

போன வருஷம் அளத்துக்கு வந்த கேம்ப்பில் அவளுக்கும், அவளோடு ஜோடியாக வேலை செய்யும் அம்சவள்ளிக்கும் பிரஷர் ஏகத்துக்கும் இருக்கிறதென்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஆளுக்கு இரண்டு மாத்திரை கொடுத்து, தினமும் காலையில் போடச் சொன்னார்கள். போட்டார்கள். நாலு நடை கூடை தூக்குவதற்குள் ஒன்றுக்கு முட்டியது. அளத்தில் எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி, அதைத் தாண்டினால் பஸ் ஓடுகிற ரோடு. மறைவுக்கு ஒரு புதர்கூடக் கிடையாது. இருட்டோடு வீட்டில் போய்விட்டு வந்தால், திரும்பிப் போகும்வரை அடக்கிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். அதற்காகவே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். ஒருநாள் அம்சவள்ளி வரப்பில் நின்றபடியே அழுதாள். சேலை நனைந்திருந்தது.

"எந்த மாத்திரைக்கா இப்படிப் பண்ணுது?"

"எதுவா இருந்தா என்னடி? ரெண்டையும் விட்டுடு. ஞாயித்துக்கெழம மட்டும் போடு. செக்கப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒழுங்கா போட்டுக்கோ, போதும்" என்றாள் மேரிசெல்வி. அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அம்சவள்ளியின் மகள் நிவேதா கண்கொத்திப் பாம்பு. ஆகவே அம்சவள்ளி தினமும் மகள் எதிரிலேயே மாத்திரையை வாயில் போட்டு, அவள் முகம் திரும்பியதும் துப்பிவிடுவாள்.

பங்குனி வெயிலில் ஒருநாள் அம்சவள்ளி பாத்தியிலேயே சாய்ந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு வரவில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு மேரிசெல்வி போனபோது, வார்டு வாசலில் டாக்டரம்மாவிடம் நிவேதா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒருநாள் விடாம என் கண்ணு முன்னாடியே போட்டாங்க மேடம்."

"அப்ப அந்த மாத்திரை அவங்களுக்குக் கேக்கல. டோஸை ஏத்திப் பாக்கலாம்."

மேரிசெல்வி கேட்டுக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டால் முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்துவிடலாம். காட்டிக்கொடுக்க வேண்டியவளுக்கு வாய் இழுத்துக்கொண்டது. அந்த நினைப்பு வந்ததற்கே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"அவ போடலீங்க" என்றாள். "நான்தான் போடாதேன்னு சொன்னேன்."

காரணத்தையும் சொன்னாள். நிவேதா அவளையே பார்த்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

டாக்டரம்மா மேரிசெல்வி பக்கம் திரும்பினார். "ரெண்டுல ஒண்ணுதாம்மா மூத்திரத்தை அதிகமாக்கும். சொல்லியிருந்தா அதுக்குப் பதிலா வேற மாத்தி எழுதியிருப்பாங்க. ஏன் சொல்லல?"

"அங்க ஆம்பள டாக்டருங்க. பின்னாடி லைன்ல அத்தினி பேரு நிக்கிறாங்க. அத எப்படிங்க சொல்றது?"

கூலி குறைந்தால் மேஸ்திரியைப் பாத்தியில் நிறுத்திவைத்துக் கேட்பவள் அவள். இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

உள்ளே போனாள். அம்சவள்ளி விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். கட்டிலோரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. குழாய் வழியாக அவளுடைய மூத்திரம் அதில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஆண்கள் அதைத் தாண்டித்தான் போனார்கள். அம்சவள்ளி இடது கையால் போர்வையை இழுத்து அதன்மேல் போடப் பார்த்தாள். எட்டவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

மேரிசெல்வி தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பையை மூடினாள்.

"மூடிட்டேன்டி" என்றாள்.

அம்சவள்ளி போர்வையை விட்டுவிட்டாள்.