காப்புறுதிக்கு முன் ஒரு மாத விரதம்

புற்றுநோய்க் காப்புறுதி எடுக்க எங்கள் வீட்டில் தடையாக இருந்தது காசு அல்ல, வெற்றிலை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டாக இருக்கும். பதுளைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் டீச்சர். வீட்டுக்காரருக்கு அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பழைய அதிபர் அந்த நோயோடு கொழும்புக்கும் பதுளைக்குமாக அலைந்து போய்ச் சேர்ந்த வருடம் அது. எனக்குப் பயம் பிடித்திருந்தது. ஏற்கெனவே இருந்த ஆயுள் காப்புறுதியோடு இதையும் சேர்த்தால் புருஷனுக்கும் செல்லும் என்று ஏஜென்ட் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு வந்தார்.

எட்டாவது கேள்வி: புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம் உண்டா? ஒன்பதாவது: இந்த நோய் சந்தேகத்தில் எப்போதாவது பரிசோதனை செய்துகொண்டீர்களா?

ஒன்பதில் சிக்கலில்லை. எட்டில்தான். என் வீட்டுக்காரர் வேலைக்கு ஆள் கூப்பிடும் காலைப் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்பே வாயை நிரப்பிக்கொள்கிறவர். சோறு தின்னும் நேரம் மட்டும் வாய் காலியாக இருக்கும், அதையும் மனமில்லாமல்தான் விட்டுக்கொடுப்பார். எல்லாரும் இல்லையென்றுதான் எழுதுகிறார்கள் என்றார் ஏஜென்ட். அவருடைய பல்லும் சிவப்புதான்.

வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிய பிள்ளைகளை முட்டிபோட வைத்த கை, பொய் எழுத மறுத்தது. ஆகவே பொய்யை முதலில் உண்மையாக்கிவிட்டு எழுதுவது என்று முடிவு செய்தேன். ஒரு மாதம் வெற்றிலையை விட வேண்டும், அப்புறம் கையெழுத்து என்றேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவரோ "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சொன்னபடி அன்றைக்கே விட்டார். இருபத்தைந்து வருடமாக என் பேச்சைக் காதில் வாங்காத மனுஷன். எனக்குத் தலைகால் புரியவில்லை. புருஷனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்தேன். வீட்டில் ஒரே குறைதான்: கறியில் கொச்சிக்காய்க் காரம் கூடிவிட்டது என்று தினமும் சொன்னார். வெற்றிலை விட்ட எரிச்சலை என் சமையலில் காட்டுகிறார் என்று நினைத்து நானும் திருப்பிக் கொடுத்தேன்.

மாதம் முடிந்து ஏஜென்ட் வந்தார். எங்கள் பக்கம் எந்த நல்ல காரியமும் வெற்றிலை மாற்றாமல் முடியாது. புற்றுநோய்க் காப்புறுதியும் நல்ல காரியம்தானே. விருந்தாளிக்காக நானே வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தேன். ஏஜென்ட் ஒன்றை மடித்து, மரியாதையாக இரண்டு கையாலும் வீட்டுக்காரரிடம் நீட்டினார். கை நீட்டிக் கொடுத்ததை மறுக்கக் கூடாது. வாங்கி வாயில் வைத்தார். வாய் பாதிதான் திறந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. எழுந்து, தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குப் போனார்.

பின்னாலேயே போனேன். வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா எரியுது புள்ள. நீ விடச் சொன்னப்பவே போட முடியாமத்தான் இருந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அவ்வளவு சந்தோசமா இருந்தியே."

என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஏஜென்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனேன். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக இருந்த இடத்தில் கொஞ்சம் வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கொச்சிக்காய் இல்லாமல் சமைத்தேன், கும்பிடாத சாமியில்லை.

அது இன்னும் அந்த நோயாக மாறவில்லை, இனி வெற்றிலையைத் தொட்டால் மாறும் என்றார் டாக்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு வீட்டுக்காரர் கேட்டார்.

"இப்ப எட்டாவதுக்கு இல்லைனு எழுதலாம்ல?"

எனக்கு ஒன்பதாவது கேள்வி ஞாபகம் வந்தது; அதற்கு இனி இல்லையென்று எழுத முடியாது. "எழுதலாம்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.