இன்னாசித்தம்பி எரித்த படம்

ஜெர்மனியின் எசன் நகரத்தில் இன்னாசித்தம்பி அண்ணையைப் போல ஒரு சந்தேகப்பிராணியை நான் கண்டதில்லை. தபால்காரன் சிரித்தால்கூட, “இவன் ஏன் சிரிக்கிறான்?” என்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இலங்கையில், மன்னாரில் இரண்டு முறை ஆமி பிடித்துக்கொண்டுபோன மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவருடைய அகதி விண்ணப்பம் ஆறு வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. பொலிஸில் பெயர் பதிந்தால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் ஓயவே இல்லை.

லிண்ட்னர் என்ற எண்பத்திரண்டு வயதுக் கிழவியின் வீட்டை அவர் துப்புரவாக்கி வந்தார். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. அலுமாரியின்மேல் அவளுடைய புருஷனின் படம், அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே படம். ஹிட்லர் காலத்து இராணுவ உடுப்பு, மார்பில் கழுகும் சுவஸ்திகாவும்.

“கிழவி லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்தச் சின்னத்துக்கு இங்க மறியல், உள்ளுக்குப் போட்டிடுவாங்கள். அகப்பட்டா என்னையும் சேர்த்துக் கொண்டுபோவாங்கள்” என்று மனைவி பேர்பெச்சுவாவிடம் புறுபுறுப்பார்.

“அவவிட்டையே கேளுங்கோவன்.”

“கேட்டா நானும் கூட்டு எண்டு ஆகிடும்.”

1994 ஜூலையில் ஒரு காலை, கிழவி குளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. கோட் போட்ட இருவர் இறங்கினார்கள். எங்கள் ஊரில் ஆமி வாசலுக்கு வந்தால் முதலில் அடுப்புக்குள் போவது இயக்க உடுப்புப் போட்ட பிள்ளையின் படம்தான். அண்ணையின் கை தானாக நீண்டது. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, காஸ் அடுப்பில் எரித்து, சாம்பலைக் கழுவிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

வந்தவர்கள் நினைவுக் கண்காட்சி நடத்துபவர்கள். ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்ட இராணுவ அதிகாரிகளோடு சேர்ந்து தூக்கில் தொங்கியவர் கிழவியின் புருஷன். ஐம்பதாவது ஆண்டு நினைவுக்கு அந்தப் படத்தைக் கேட்டு வந்திருந்தார்கள்.

அண்ணை அழுதழுது உண்மையைச் சொன்னார். பிறகு அவர் சொல்லி அதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. கிழவி மட்டும் கத்தவில்லை.

“மற்றப் படங்களை நான்தான் எரிச்சனான், அவரைப் பிடிக்க வந்த அண்டைக்கு. எனக்கு இப்ப அவரின்ர முகம் மறந்துகொண்டு போகுது. நீங்கள் மூண்டு வருசம் துடைச்சனீங்கள்தானே, ஆள் எப்பிடி இருந்தவர்? சொல்லுங்கோ.”

அண்ணை யோசித்தார். கழுகு நினைவில் இருந்தது, பொத்தான்கள் நினைவில் இருந்தன. முகத்தை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.