கொட்டாவிக்கு விழுந்த அடி

இண்டூர்ப் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு நாய் வேணும்னா மாதையனிடம்தான் வருவார்கள். கல் குவாரியில் மேஸ்திரியிடம் உதைபட்டு வேலை கத்துக்கிட்டவன். அடிக்காமல் எதுவும் படியாது என்பது அவன் கட்சி. இடது கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு "புடி" என்பான். கவ்வினால் கறித்துண்டு. தயங்கினால் முதுகில் புளியங்குச்சி.

செவலை மட்டும் அவனுக்கு அடங்காத நாயாகப் பட்டது. சாக்கைக் கண்டதுமே நுரை தள்ளும். கறி போட்டாலும் தொண்டையில் இறங்காது. அவன் குச்சியை எடுத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு மூக்கை நக்கும், பெரிசாகக் கொட்டாவி விடும்.

"நான் நிக்கறேன், கொட்டாவியா வுடறே? கொழுப்பு!"

ஒவ்வொரு கொட்டாவிக்கும் வெளுத்தான். அடிக்க அடிக்கக் கொட்டாவிதான் கூடியது.

நல்லம்பள்ளி தோப்புக்காரர் நவநீதன் நாயைப் பார்த்துப்போக வந்திருந்தார். மாதையன் லுங்கியை மடித்துக் கட்டி, இடது கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு குச்சியை எடுத்தான். செவலை வாயைப் பிளந்தது.

"என்ன மாதையா, பாடம் ஆரம்பிக்கறதுக்குள்ள தூக்கம் வந்துடுச்சு உன் சிங்கத்துக்கு?" நவநீதன் சிரித்தார்.

மானம் போன வேகத்தில் மாதையன் அதன் வாய்மேலேயே அடித்தான். பல் உடைந்து தெறித்தது. அடுத்த அடிக்குக் கை ஓங்கியபோது செவலை பாய்ந்தது. சாக்குக் கையை விட்டுவிட்டுக் குச்சிக் கையைக் கவ்வி உலுக்கியது. சதை கிழிந்து தொங்கியது. நவநீதன் பைக்கை முறுக்கிக்கொண்டு பறந்தார்.

"உன்னக் கொல்லாம வுட மாட்டேன்!" மாதையன் இடது கையால் கடப்பாரையைத் தூக்கினான். நாய் ஓடவில்லை. சுவரோரம் ஒண்டி, ரத்தம் ஒழுகும் வாயால் மறுபடி கொட்டாவி விட்டது.

அவன் பெண்டாட்டி மணிமேகலை குறுக்கே வந்து விழுந்தாள்.

"அதுக்குத் தூக்கம்னா நெனைக்கறீங்க? அடி வுழப்போவுதுன்னு தெரிஞ்சா அப்படித்தான் வரும். நீங்க குடிச்சுட்டு வந்து வண்டிய நிறுத்தற சத்தம் கேட்டா எனக்கும்தாங்க வருது."

"தள்ளுடி!"

கடப்பாரை அவள் தோளைச் சிராய்த்துக்கொண்டு சுவரில் இறங்கியது. காரை பெயர்ந்து விழுந்தது.

அவள் நாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஏரியூரில் அவள் அண்ணன் வூடு இருக்கிறது.

"செவலை, உக்காரு!" மாதையன் வாசலிலிருந்து கத்தினான்.

நாய் நடுத்தெருவில் உட்கார்ந்தது. உடம்பெல்லாம் உதறியது, இழுத்தும் எழவில்லை. மணிமேகலை அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து நாயை அள்ளித் தோளில் போட்டாள். அதன் ரத்தமும் அவள் ரத்தமும் ரவிக்கையில் இறங்கின.

"உக்காருன்னேன்!"

அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.